ஒரு கிண்ணம் குறைகிறது

ஷாவ் குடும்பத்துக்கு நாங்கள் தரவேண்டியது ஒரு கிண்ணம். அதற்கு வட்டி, ஒவ்வொரு விருந்துக்கும் ஒரு முட்டை. எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கட்டிக்கொண்டு வருகிறோம்.

எங்கள் ஷிவான் ஊரில் இரண்டே குடும்பப் பெயர்கள். ஆற்றோரம் ஷாவ், மேட்டில் தெங். நான் தெங், பெயர் ஷூகென். ஷாவ்கள் முதலில் வந்து அணை கட்டி, நல்ல வயலையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் வடக்கே ஏதோ சண்டைக்குத் தப்பி, ஒரு இரும்புச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள். எருமை, விதைநெல், மண்வெட்டி எல்லாம் ஷாவ்களிடம் கேட்டு வாங்கித்தான் பிழைத்தார்கள்.

கிண்ணத்துக்கு மட்டும் அவர்களிடம் கைநீட்ட வேண்டியிருக்கவில்லை. அதை மடு கொடுத்தது. ஊருக்கு மேற்கே பாறையடியில் ஒரு மடு இருக்கிறது. கல்யாணம், சாவு என்று விருந்து வைக்கிறவர் முந்தின நாள் சாயங்காலம் அங்கே போய், காவலுக்கு இருக்கும் ஷாவ் ஒருவர் ஊதுபத்தி கொளுத்த, இத்தனை மேசை, இத்தனை கிண்ணம் என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். விடியும்போது கரையில் அடுக்கி வைத்திருக்குமாம். சாப்பிட்டு முடித்துக் கழுவி அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் தெங் வீட்டு விருந்து முடிந்து திரும்பி வந்ததில் ஒன்று குறைந்தது. அதற்கப்புறம் மடு யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை.

மடுவுக்குக் காவல் ஷாவ்கள். அதனால் கடனை வசூலிக்கிற உரிமையும் தங்களுடையது என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். மடு கைவிட்ட பிறகு ஊர் விருந்துக்கென்று கிண்ணம் வாங்கி வைத்தவர்களும் அவர்கள்தான். ஒவ்வொன்றின் அடியிலும் உளியால் புள்ளி புள்ளியாக ‘ஷாவ்’ என்று கொத்தியிருக்கும். அதை வாங்கி விருந்து நடத்திவிட்டு நாங்கள் திருப்பும்போது ஷாவ் வீட்டுப் பெண் ஒருத்தி முக்காலி போட்டு உட்கார்ந்து சத்தமாக எண்ணுவாள். எல்லாம் சரியாக இருந்தாலும் கடைசியில், “ஒண்ணு குறையுது” என்பாள். நாங்கள் ஒரு முட்டையை நீட்டுவோம். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒரு தடவை எங்கள் ஆட்கள் ரோஷப்பட்டு சொந்தமாக எவர்சில்வர் கிண்ணம் வாங்கினார்கள். “எண்ணுறதுக்குப் பயந்துட்டாங்க பாத்தியா” என்று ஊரே பேசியது. அந்தக் கிண்ணங்களில் இப்போது வாத்துக்குத் தீனி வைக்கிறோம்.

எங்கள் பக்கம் ஒரே பேச்சுதான்: நாங்கள் எடுக்கவில்லை. ஊதுபத்தி கொளுத்திய ஷாவ்தான் ஒன்றை உடைத்துவிட்டுப் பழியை எங்கள் மேல் போட்டான். இதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் பெரியவர்கள் செத்தார்கள்.

எனக்கு முட்டைகூடப் பெரிதாக வலிக்கவில்லை. எனக்கு வலி ஷாவ் பெய்லின்.

பெய்லின் என் மனைவி லான்சியாங்குடைய பெரியப்பா மகன். அவளும் பிறப்பால் ஷாவ்தானே. அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. அவன் முதுகில் ஒரு செங்கல் ஏறியதில்லை. நான் தெற்கே கடலோரப் பட்டணங்களில் இருபது வருஷத்துக்கு மேல் மாடி மாடியாகச் செங்கல் ஏற்றினேன். இப்போதும் காலையில் எழுந்தால் நேராக நிற்க ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிக்கிற நேரம் ஆகிறது. அவன் ஊரிலேயே ஒரு மளிகைக் கடை போட்டு, அதன் வாசலில் உட்கார்ந்து கதை சொல்லியே தொந்தி வளர்த்தான்.

என்ன கதை? கிண்ணக் கதைதான். வேறு என்ன இருக்கிறது இந்த ஊரில்?

அவன் சொன்னால் ஆட்கள் சூரியகாந்தி விதை கொறிப்பதை நிறுத்திவிடுவார்கள். நான் கவனித்திருக்கிறேன். முப்பது பேர் கொறிக்கிற சத்தம் மழை மாதிரி இருக்கும். பெய்லின் குரலைத் தாழ்த்தினதும் மழை விட்டுவிடும். என் வீட்டுக்காரி அந்தக் கதையைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள். அவளுக்கே விதை பிடித்த கை வாய்க்குப் போகாமல் பாதியில் நிற்கும். நான் பேசும்போது அந்தக் கை ஒரு தடவைகூட நின்றதில்லை. பட்டணத்தில் பதினோராவது மாடியிலிருந்து சாரம் சரிந்ததே, அதை நான் கண்ணால் பார்த்தவன். அதை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நடுவில், “சரி, உப்பு தீந்துபோச்சு, பெய்லின் அண்ணன் கடை தொறந்திருக்கான்னு பாரு” என்றாள்.

போன வருஷம் ஊரில் வரலாற்றுக் கூடம் கட்ட உத்தரவு வந்தது. பழைய நெல் கிடங்கைத் திருத்தி, உள்ளே ஏர், செக்கு எல்லாம் வைத்து, முன்சுவரில் ஊர்க் கதையை எழுதி ஓவியம் தீட்டுவார்களாம். சுவர் பூச்சுக்கு மணல் சலித்தவன் நான்தான். மாவட்டத்திலிருந்து ஃபாங் என்ற பெண் வந்தாள். கண்ணாடி போட்ட சின்னப் பெண், எல்லாரையும் மாமா, அத்தை என்று கூப்பிடுவாள்.

“சுவத்துல ஒரு கதைக்குத்தான் எடம் இருக்கு மாமா. தெறப்பு விழா அன்னைக்கு ரெண்டு குடும்பமும் அவங்கவங்க கதையைச் சொல்லுங்க. நான் வீடியோ எடுத்துக்கறேன். எது நல்லா இருக்கோ அதை எழுதிடலாம். சொன்னவங்க பேரும் கீழே வரும்.”

கீழே பேர் வரும் என்றதும் எனக்குக் காது சூடானது.

அன்று சாயங்காலமே எங்கள் ஆட்கள் யோவ்ஃபு அண்ணன் வீட்டில் கூடினோம். தெங் குடும்பத்துக்கு அவர்தான் மூத்தவர்.

“இந்தத் தடவை விட்டோம்னா சுவத்துல எழுதி வச்சிருவானுங்க, தெங்னா திருடன்னு. மழை பெஞ்சாலும் அழியாது” என்றார். “நம்ம பக்கத்தை யாரு சொல்றது?”

இளவட்டங்கள் எல்லாம் பட்டணத்தில். இருந்தவர்களில் இருவருக்குக் காது கேட்காது. ஒருவருக்குப் பல் இல்லை.

“நான் சொல்றேன்” என்றேன்.

யோவ்ஃபு அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. விலைக்கு வந்த மாட்டில் ஏதோ குறை தெரிகிறது, ஆனால் சந்தையில் வேறு மாடு இல்லை என்கிற பார்வை. “சரி, சொல்லு. ஆனா சுருக்கமாச் சொல்லு” என்றார்.

அன்றிலிருந்து ஒத்திகை. மணல் சலிக்கும்போது, கோஸுக்குத் தண்ணீர் ஊற்றும்போது எல்லாம் சொல்லிப் பார்த்தேன். ராத்திரிச் சாப்பாட்டில் லான்சியாங்கிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டாள்.

“எல்லாம் சரி. ஆனா இதுல என்ன நடக்குது?”

“என்ன நடக்குதா? நாம எடுக்கலைன்னு நிரூபிக்கிறேன்ல?”

“எடுக்கலை. அப்புறம்?”

“அப்புறம் என்ன அப்புறம்? எடுக்கலை. அவ்வளவுதான்.”

“அதான் சொல்றேன்” என்று கிண்ணங்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். போகும்போது, “பெய்லின் அண்ணன்கிட்ட வேணா ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன், எப்படிச் சொல்றதுன்னு” என்றாள். அன்று நான் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

திறப்பு விழா பத்தாம் மாதம், அறுப்பு முடிந்து. ஊர் விருந்து வைக்கிற முறை இந்தத் தடவை எங்களுடையது. அதனால் வழக்கம்போல ஷாவ்களிடம்தான் கிண்ணம் வாங்கினோம். ஷாவ் கிண்ண அறைக்குச் சாவி வைத்திருப்பவள் ஜின்ஹுவா அக்கா. புருஷன் போனபின் அந்தக் குடும்பத்தில் அவள் பேச்சுதான். கூடையில் எடுத்து வைக்கும்போதே, “முட்டையை மறந்துறாத ஷூகென். பெரிசாப் பாத்துக் கொண்டா, போன தடவை புறா முட்டை மாதிரி இருந்துச்சு” என்றாள்.

நெல் காயப்போடுகிற களத்தில் பதினாறு மேசை. மேசைக்கு எட்டுப் பேர். காய்ந்த கடுகுக்கீரை போட்டு ஆவியில் வேகவைத்த பன்றி இறைச்சி, மிளகாய் மிதக்கிற மீன், சோயாக் கட்டி, அரிசி மது. எல்லாம் எங்கள் பெண்கள் சமைத்தது. மீனை ஷாவ்களே இரண்டாம் தடவை கேட்டார்கள். ஃபாங் முக்காலியில் கேமராவை நிறுத்தினாள். பெய்லின் முதலில் எழுந்தான். மைக்கைக் கையில் வாங்கி, அதைப் பார்த்துச் சிரித்து, பக்கத்து மேசையில் கவிழ்த்து வைத்தான். அது இல்லாமலே கேட்கும் என்று அர்த்தம். அந்த மாதிரி வேலையெல்லாம் அவனுக்குத்தான் வரும்.

“தெங் வீட்டு மூணாவது ஆளு” என்று ஆரம்பித்தான். “ஒரு மேட்டு நிலம், ஒரு மக. அந்த மகளுக்குக் கல்யாணம். மடுவுல கிண்ணம் கேட்டான், மடு குடுத்துச்சு. விருந்து முடிஞ்சு கரையில உக்காந்து ஒவ்வொண்ணாக் கழுவுறான். கடைசிக் கிண்ணத்தைக் கையில எடுத்து வெயில்ல தூக்கிப் பிடிச்சா, அந்தப் பக்கம் இருக்கிற விரல் தெரியுது. அடியில நீலத்துல ஒரு இறால். தண்ணியை ஊத்துறான்…”

நிறுத்தினான். களத்தில் விதை கொறிக்கிற சத்தம் நின்றது.

“…இறாலு மீசையை ஆட்டுது.”

யாரோ ஒரு பெண் மூச்சை உள்ளே இழுத்தாள். திரும்பிப் பார்த்தேன். என் பெண்டாட்டி.

“வீட்டுல அவன் பொஞ்சாதி நாலு வருஷமாப் படுக்கை. அவ மருந்து குடிக்கிற கிண்ணம் வாய் உடைஞ்ச கிண்ணம். தினம் உதட்டைக் கிழிக்கும். மருந்துல ரத்தம் கலக்கும். மூணாவது தெங் நெனச்சான், ஒரே ஒரு ராத்திரி. இன்னைக்கு ராத்திரி இதுல குடிக்கட்டும். காலைல திருப்பிக் குடுத்துர்றேன். சட்டைக்குள்ள வச்சுக்கிட்டான்.”

அப்புறம் காலையில் அவன் ஓடி வருகிறான். கரையில் அடுக்கிய கிண்ணங்களைக் காணோம். கையிலிருந்ததைத் தண்ணீரில் விடுகிறான். அது மூழ்கவில்லை. மிதந்து மிதந்து அவன் காலடிக்கே திரும்பி வருகிறது. மடு வாங்க மாட்டேன் என்கிறது. பெய்லின் இதைச் சொல்லிவிட்டுத் தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். நூற்று இருபத்தெட்டுப் பேரும் அவன் கால்களைப் பார்த்தோம். நானும்தான்.

முதலில் எங்கள் யோவ்ஃபு அண்ணன்தான் கையைத் தட்டினார்! சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். எங்கள் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பக்கத்து மேசையில் எங்கள் ஆள் ஒருவன் ஷாவ்காரனிடம், “நம்ம மூணாவது தாத்தா எப்படியாப்பட்ட ஆளு பாத்தியா. பொண்டாட்டிக்காக” என்று பெருமையடித்தான். ஷாவ்காரன், “எங்களுக்கு அந்தக் கதையில ஒரு ஆளுகூட இல்லியேப்பா” என்று ஆதங்கப்பட்டான்.

திருடனையே கதாநாயகனாக்கி எங்களிடம் கொடுத்துவிட்டான் பெய்லின். எங்கள் திருடன், எங்கள் நோயாளிப் பெண், எங்கள் உடைந்த கிண்ணம். சொன்னவன் மட்டும் அவன்.

“அடுத்து ஷூகென் மாமா” என்றாள் ஃபாங்.

எழுந்தேன். “கிண்ணத்தை நாங்க எடுக்கலை” என்றேன். “அன்னைக்கு ஊதுபத்தி கொளுத்தினது ஷாவ் வீட்டு ஆளு. எண்ணினதும் அவருதான். அப்போ…”

விதைச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

“அப்போ கணக்குல தப்பு வந்திருந்தா…”

“உக்காருப்பா” என்று ஒரு குரல். ஷாவ் குரல் இல்லை, எங்கள் மேசையிலிருந்து. யோவ்ஃபு அண்ணன்தான். “நல்லா இருக்கிறதைக் கெடுக்காத. உக்காரு.”

“என்னண்ணே, நீங்கதானே சொல்லச் சொன்னீங்க?”

“சொன்னேன். அது இவன் சொல்றதைக் கேக்கறதுக்கு முன்னாடி.”

களம் முழுக்கச் சிரிப்பு. எங்கள் பெண் ஒருத்தி, “அந்தம்மா மருந்து குடிச்சிட்டுப் போகட்டும் மாமா, நீங்க ஏன் புடுங்குறீங்க” என்றாள். இன்னும் சிரிப்பு.

பெய்லின் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவன் எழுந்து கையமர்த்தி, “மாப்ள பேசட்டும்பா. மாப்ளைக்கும் முறை இருக்குல்ல” என்றான். எனக்கு ஒரு கோப்பையில் தண்ணீர் ஊற்றி நீட்டினான். அன்பாகத்தான் நீட்டினான். தெருவில் அவன் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

கோப்பையை வாங்கவில்லை.

“எடுத்தோம்” என்றேன்.

என் வாய்தான் சொன்னது. சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. யோவ்ஃபு அண்ணன் பாதி எழுந்து அப்படியே நின்றார்.

“ஆமா, எடுத்தோம். ஆனா இவனுக்கு என்ன தெரியும்? இவன் ஷாவ். ஷாவ்கள் வாசப்படிக்கு வெளியில நின்னவங்க. மடுக்கரையில நடந்ததைத்தான் சொல்லுவான். வீட்டுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு தெங்குக்குத்தான் தெரியும்.” எனக்கும் தெரியாது. அந்த நிமிஷம்வரை அங்கே வீடே இல்லை. ஆனால் பெய்லின் தலையைச் சாய்த்துக் கேட்பதைப் பார்த்ததும் வீடு வந்தது, கட்டில் வந்தது. “கிண்ணம் மிதக்கவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. அவன் தண்ணியில விடவே இல்லை. அன்னைக்கு அவ மருந்து குடிச்சா. உதடு கிழியலை. இருட்டுல கிண்ணத்தைத் தடவிப் பாத்தா. இது யாரு வீட்டுதுன்னு கேட்டா.”

எச்சில் விழுங்கிக்கொண்டேன். வேண்டுமென்று நிறுத்தவில்லை.

“எருமை ஷாவ் வீட்டுது. விதை ஷாவ் வீட்டுது. குந்தியிருக்கிற முக்காலி ஷாவ் வீட்டுது. அவளுக்குக் கேட்டுக் கேட்டுப் பழக்கம். அவன் சொன்னான், ‘நம்மளுது’ன்னு.”

அவ்வளவுதான் சொன்னேன். உட்கார்ந்துவிட்டேன். களத்தில் ஒரு விதைகூட உடையவில்லை. லான்சியாங்கைப் பார்த்தேன். அவள் கை பாதியில் நின்றிருந்தது. என் கல்யாண நாளில்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

பெய்லின்தான் கலைத்தான். “அடேய் மாப்ள” என்று மெதுவாகச் சொன்னான். “அடேய்.”

அதற்குள் யோவ்ஃபு அண்ணன் என் மேசைக்கு வந்துவிட்டார். “பாவி, எத்தனை தலைமுறையா எடுக்கலை எடுக்கலைன்னு தொண்டை வத்தக் கத்தினோம். ஒரு வாயில கவுத்துட்டியேடா!”

“நீங்கதானே கை தட்டுனீங்க?”

“கதைக்குத் தட்டினேன்டா! ஒத்துக்கறதுக்கா தட்டினேன்?”

ஃபாங் கேமராவை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும், இரண்டையும் சேர்த்து ஒரே கதையாகச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். நான் சொன்னேன். அவள் மறுபடி ஓடவிட்ட கேமராவைப் பார்த்ததும் வீடும் போனது, கட்டிலும் போனது. “மருந்து… வந்து, அவ குடிச்சா. உதடு சரியாத்தான் இருந்துச்சு” என்றேன். மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். பிறகு பெய்லினைச் சொல்லச் சொன்னாள். அவன் ஒரே தடவையில், மடுக்கரையிலிருந்து வீட்டுக்குள் வந்து, மருந்து கொடுத்து, ‘நம்மளுது’ வரைக்கும் சொல்லி முடித்தான். என்னைவிட நன்றாக. ‘நம்மளுது’ என்பதை அவன் குரலே எழுப்பாமல், மூச்சிலேயே சொன்னான். எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

சுவரில் கதை ஏறியது. கீழே, சொன்னவர் ஷாவ் பெய்லின். அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், உதவி தெங் ஷூகென்.

ஆனால் அது பிறகு, சுவர் காய்ந்த பிறகு. விழா அன்று சாயங்காலம் கிண்ணம் திருப்புகிற வேலை மிச்சமிருந்தது. எங்கள் ஆட்கள் யாரும் என்னோடு பேசவில்லை. நானும் லான்சியாங்கும் மட்டும் கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனோம். ஜின்ஹுவா அக்கா முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். யோவ்ஃபு அண்ணன்கூட தூரத்தில் மரத்தடியில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒப்புக்கொண்டாயிற்று, இனி முட்டையா, கோழியா, என்ன கேட்பார்களோ என்ற பயம் எல்லார் முகத்திலும் தெரிந்தது.

அக்கா எண்ணினாள். ஒவ்வொன்றாகத் திருப்பி, அடியில் கொத்தின எழுத்தைத் தடவி, அடுக்கினாள். கடைசிக் கிண்ணம் அடுக்கில் ஏறியது. நான் சட்டைப்பையிலிருந்து முட்டையை எடுத்தேன். பெரிய முட்டைதான், வாத்து முட்டை.

“சரியா இருக்கு” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. முட்டையை நீட்டினேன்.

“சரியா இருக்குன்றேன்ல. உள்ள வச்சுக்க.”

“அக்கா, ஒண்ணு…”

“எடுத்தோம்னு ஒரு வார்த்தை சொல்ல உங்க ஆளுகளுக்கு இவ்வளவு காலம் ஆச்சு. எங்க மாமியா சாகுற வரைக்கும் அதைத்தான் எதிர்பாத்தா. கிண்ணமா கேட்டோம்?” கிண்ண அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். “இனிமே எண்ணுறது இல்லை. கடன் கழிஞ்சுது. மடு கேட்டா நான் பேசிக்கறேன். லான்சியாங், அந்த முட்டையை அவிச்சு உம் புருஷனுக்குக் குடு. வயிறெரிஞ்சு மெலிஞ்சு கெடக்கான்.”

சிரித்தார்கள். எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். யோவ்ஃபு அண்ணன் மரத்தடியிலிருந்து வந்து என் தோளில் ஒரு அடி போட்டார். வலிக்கிற மாதிரிதான் போட்டார், ஆனால் கையை எடுக்கவில்லை.

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஊருக்கே சொல்ல வேண்டும். கடனைத் தீர்த்தவன் நான் அல்லவா? எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே ஆற்றுப்படிப் பக்கம் கூட்டம் நகர்வதைப் பார்த்தேன். நடுவில் பெய்லின்.

“ஜின்ஹுவா அக்கா கடைசிக் கிண்ணத்தைக் கையில எடுத்தா” என்று சொல்லிக்கொண்டிருந்தான். “ஊரே மூச்சைப் புடிச்சிக்கிட்டு நிக்குது…”

முட்டை கையிலிருக்க நான் அந்தக் கூட்டத்தை நோக்கி வேகமாக நடந்தேன்.